கேம்ப்புக்கு ஒரு பெட்டி டிஸ்க்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அத்தானும் சுகம். உன் முதுகுவலி குறைந்ததா? வண்டிக்கு அடியில் படுத்து ரிப்பேர் பார்க்கிறவன் ஒரு அட்டையாவது விரித்துப் படு என்று போன தடவையே எழுதியிருந்தேன். உன் பதிலில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. வெறுந்தரையில்தான் படுக்கிறாய் என்று புரிந்துகொண்டேன்.

உன் சுரங்க கேம்ப் கேட்ட வீடியோ கேம் ஆர்டரைப் பெட்டி கட்டி நேற்று லாரி ஆபீஸில் போட்டாகிவிட்டது. கார் பந்தயம், கால்பந்து, கிரேன்காரர் ஆசைப்பட்ட மீன்பிடிக்கிற கேம், எல்லாம் இருக்கிறது. அந்த மீன் கேம் மட்டும் புதிதாகக் கிடைக்கவில்லை. வேறொருவர் ஆடி முடித்துத் திருப்பிக் கொடுத்த டிஸ்க். அத்தான் துணியால் துடைத்து, மெஷினில் ஓட்டிப் பார்த்து, தானே இரண்டு மீன் பிடித்துவிட்டுத்தான் உறையில் போட்டார்.

கடை எப்படி என்று கேட்டிருந்தாய். ஈ ஓட்டுகிறோம் என்று எழுதலாம் என்றால் ஈயும் வருவதில்லை. வருகிற ஆட்கள் உறையைத் திருப்பித் திருப்பிப் படிக்கிறார்கள். இது எப்படி, அது எப்படி என்று அத்தானை விசாரிக்கிறார்கள். அவரும் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்வது போல ஒன்று விடாமல் சொல்கிறார். கடைசியில், "யோசிச்சு சொல்றேன் சார்." யோசிப்பதெல்லாம் இல்லை. வீட்டுக்குப் போய் டவுன்லோடு போட்டுக்கொள்கிறார்கள். விசாரிக்க நம் கடை, வாங்க அவர்கள் சோபா.

போன வாரம் புது மாடல் மெஷின் வந்தது. அதில் டிஸ்க் போடும் வாயே கிடையாது. எல்லாம் டவுன்லோடுதானாம். அத்தான் அதை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது வாயில்லா ஜீவன். இதுக்கு நாம சோறு போட முடியாது" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஒரு விஷயம் உன்னிடம் கேட்க வேண்டும். கட்டிடக்காரர் கடையைக் காலி பண்ணச் சொல்கிறார். அந்த இடத்துக்கு போன் கடை ஒன்று கேட்கிறதாம். ஒப்பந்தம் முடியும் முன்னாலேயே நாங்கள் எழுந்தால் அட்வான்சுக்கு மேலே ஒரு தொகையும் தருகிறாராம். புதுக் கடையில் எனக்குக் கவுன்டர் வேலையும் வாங்கித் தருவதாகச் சொன்னார். அத்தானுக்கு மனசில்லை. எனக்கு மனசு இரண்டு பக்கமும் ஆடுகிறது. உன் கேம்ப் ஆர்டர் ஒன்றுதான் மாதாமாதம் தவறாமல் வருகிறது. நீ என்ன நினைக்கிறாய்?

வேளாவேளைக்குச் சாப்பிடு. அட்டை விரித்துப் படு.

அன்புடன்,
அக்கா


மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

தம்பி. நான் நலம். முதுகும் நலம். அட்டை விரிக்கிறேன், அந்த அட்டை உன் டிஸ்க் பெட்டியைப் பிரித்துப் போட்டதுதான். ஆக, பெட்டியும் வீணாகவில்லை.

பெட்டி வந்த அன்று நீ பார்த்திருக்க வேண்டும். லாரி ஹாரன் அடித்ததுமே சுரங்கத்திலிருந்து மண்ணும் புழுதியுமாக ஓடி வந்துவிட்டார்கள். கிரேன்காரர் கை கழுவாமல் டிஸ்க்கைத் தொட வந்தார். வெல்டர் அவர் கையில் ஒன்று போட்டார். அத்தான் பிடித்த இரண்டு மீனையும் டிவிக்குப் பக்கத்துச் சுவரில் முதல் கணக்காக எழுதிப் போட்டேன். அதை யாரும் அழிக்கவில்லை.

இங்கே எங்களுக்கு வேறு என்ன இருக்கிறது சொல்லு. டவர் கிடையாது, போன் கிடையாது. மேனேஜர் அறையில் ஒரு போன் உண்டு. யாராவது செத்தால்தான் அதைத் தொடலாம். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு டிவி, ஒரு மெஷின், உன் டிஸ்க். அவ்வளவுதான் உலகம். டவுன்லோடு என்று இங்கே சொன்னால் லாரியிலிருந்து சரக்கு இறக்குவது என்று நினைப்பார்கள்.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: கடையை விடாதே. கட்டிடக்காரர் அவசரப்படுகிறார் என்றாலே இடத்துக்கு மதிப்பு இருக்கிறது என்று அர்த்தம். எங்களைப் போல எத்தனை கேம்ப், எத்தனை கப்பல் இருக்கிறது! எங்கே நெட் இல்லையோ அங்கே நீதான் ராணி.

அடுத்த ஆர்டர் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். பணம் கம்பெனி வழியாக வரும்.

போன வாரம் யாரோ இரண்டு பேர் வந்து பக்கத்துக் குன்றில் ஏறி எதையோ அளந்துவிட்டுப் போனார்கள். சுரங்கத்தை அந்தப் பக்கமும் நீட்டப் போகிறார்கள் போலிருக்கிறது.

அத்தானைச் சிரிக்கச் சொன்னதாகச் சொல்.

உன் தம்பி


ஏப்ரல் 9

அன்புள்ள தம்பிக்கு,

இருவரும் சுகம். உன் கடிதத்தை அத்தான் மூன்று தடவை படித்தார். "எங்கே நெட் இல்லையோ அங்கே நீதான் ராணி" என்ற வரியைப் படித்துவிட்டு, "அப்ப நான் யாரு, ராஜாவா, தோட்டக்காரனா?" என்றார். நெடுநாள் கழித்து அவர் பகடி பேசிக் கேட்டேன்.

மறுநாளே கட்டிடக்காரரிடம் முடியாது என்று சொல்லிவிட்டோம். உன் கேம்ப்பை நம்பித்தான். ஒப்பந்தம் செப்டம்பர் வரை இருக்கிறது, அதற்குள் உன்னைப் போல இன்னும் இரண்டு கேம்ப்பைப் பிடித்துவிடலாம் என்கிறார் அத்தான். டிஸ்க் சப்ளை பண்ணுகிற மொத்த வியாபாரியும், "இவ்வளவு கேம் இப்ப யாரும் எடுக்கறதில்லம்மா, நீங்க மட்டும் எப்படி?" என்று ஆச்சரியப்பட்டார். நான் ரகசியம் என்று சொல்லிவிட்டேன்.

மனசைக் கஷ்டப்படுத்திய விஷயம் ஒன்றும் நடந்தது. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸ் நம் பழைய வாடிக்கை. குழந்தைகள் வார்டில் ஒரு மெஷின் இருக்கிறது. தன் கைக்காசில் அதற்கு கேம் வாங்கிப் போடுவாள். புதிதாக வந்த கேமை ஆசையாக வாங்கிப் போனாள். சாயங்காலமே திரும்பி வந்துவிட்டாள்.

"அக்கா, உறைக்குள்ள டிஸ்க்கே இல்ல. ஒரு சீட்டுதான் இருக்கு."

பிரித்துப் பார்த்தால் உண்மைதான். நம்பர் அச்சடித்த ஒரு காகிதத் துண்டு. அந்த நம்பரைப் போட்டு டவுன்லோடு செய்துகொள்ள வேண்டுமாம். வார்டில் நெட் தர மாட்டார்கள். "குழந்தைங்க எல்லாம் சுத்தி உக்காந்து நான் பிரிக்கறதையே பார்த்துட்டு இருந்தாங்க" என்றாள். அவள் திட்டியிருந்தால் தேவலை. அத்தான் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, பழைய டிஸ்க் ஒன்றையும் சும்மா கொடுத்தனுப்பினார். டிஸ்க் விற்கிறோம் என்று நினைத்துக்கொண்டு வெறும் உறையை விற்றிருக்கிறோம்.

பயப்படாதே. உனக்கு அனுப்புவதை எல்லாம் இனி பிரித்துப் பார்த்துத்தான் அனுப்புவேன்.

அன்புடன்,
அக்கா


மே 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் நலமா? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம்.

பெட்டி வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். இந்தத் தடவை பெரிய ஆர்டர். புதிதாக ஆட்கள் வந்திருக்கிறார்கள். எது இருந்தாலும் சரி, பழசானாலும் சரி, நீயே பார்த்துப் போட்டு அனுப்பு.

கால்பந்து கேமின் அடுத்த பதிப்பு டிஸ்க்கே இல்லாமல் வரப்போகிறது என்று படித்தேன். நீ அதற்கு முன்பணம் ஏதும் கட்டிவிடாதே.

குன்றில் நடந்த வேலை முடிந்துவிட்டது.

அத்தான் எப்படி இருக்கிறார்? அவர் சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா என்று எழுது.

உன் தம்பி


மே 27

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். உன் கடிதம் என்ன தந்தி மாதிரி இருக்கிறது? உடம்புக்கு ஒன்றுமில்லையே? கிரேன்காரர் என்ன ஆனார், வெல்டர் யாரை அடித்தார், ஒன்றும் எழுதவில்லையே.

கால்பந்து விஷயத்தை எங்கே படித்தாய்? எங்களுக்கே மொத்த வியாபாரி முந்தாநாள்தான் சொன்னார். லாரிக்காரர் ஏதாவது பேப்பர் கொண்டுவந்தாரா?

நீ சொன்னது சரிதான். டிஸ்க் கிடையாது. வருஷத்தில் கடை வாசலில் வரிசை நிற்கிற ஒரே கேம் அதுதான். அத்தான் ஆறுமாதமாக அதை நம்பி உட்கார்ந்திருந்தார். வியாபாரி இன்னொன்றும் சொன்னார். இனி டிஸ்க் எடுப்பதையே நிறுத்தப் போகிறாராம். "நீங்க ஒருத்தருக்காக நான் குடோன் வெச்சிருக்க முடியுமா சொல்லுங்க" என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது.

கட்டிடக்காரர் மறுபடி வந்தார். பழைய பேச்சு இன்னும் அப்படியேதான் இருக்கிறதாம், தொகையும் என் வேலையும் உட்பட. "ஜூன் வரைக்கும் காத்திருக்கேன். அப்புறம் செப்டம்பர்ல நீங்களா எழுந்துதான் ஆகணும். அப்ப நான் எதுக்கும்மா குடுக்கணும்?" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சரி என்று சொல்ல வாய் எடுத்தேன். அந்த நேரம் பார்த்து அத்தான் உன் ஆர்டர் காகிதத்தை எடுத்து அவர் முன்னால் விரித்து வைத்தார். "பாருங்க. யாவாரம் இல்லன்னு யார் சொன்னது?" காகிதத்தின் மடிப்பைக் கையால் நீவி நீவிக் காட்டினார், தம்பி. நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவர் சாப்பிடுகிறாரா என்று கேட்டாய். தட்டில் போட்டால் சாப்பிடுகிறார். கடை வாசலில் நின்றபடி தெருவையே பார்த்துக்கொண்டிருக்கிறார். முன்னெல்லாம் தெரிந்த முகம் போனால் கூப்பிட்டுப் பேசுவார். இப்போது அவர்கள் குனிந்துகொண்டு போகிறார்கள், இவரும் குனிந்துகொள்கிறார்.

உண்மையைச் சொல். உன் கேம்ப் இன்னும் எத்தனை நாளைக்கு வாங்கும்? அதைப் பொறுத்துத்தான் ஜூனில் நான் பதில் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அக்கா


ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலமே. ஆமாம், லாரிக்காரர் கொண்டுவந்த பேப்பரில்தான் படித்தேன்.

கிரேன்காரர் நன்றாக இருக்கிறார். வெல்டர் யாரையும் அடிக்கவில்லை.

கேம்ப் வாங்கும். கவலைப்படாதே. ஆர்டர் பின்பக்கத்தில் இருக்கிறது. போன தடவையைவிடக் கூடுதல். அத்தானிடம் காட்டு.

ஜூனில் என்ன பதில் சொல்வது என்று நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். அத்தான் மனசு நோகாமல் எது முடியுமோ அது.

முதுகு கொஞ்சம் வலிக்கிறது. ஓவர்டைம் பார்க்கிறேன், அதனால்தான். வேறொன்றுமில்லை.

உன் தம்பி


ஜூலை 1

தம்பிக்கு,

நான் நலம். உன் ஆர்டரைப் பார்த்துவிட்டுக் கட்டிடக்காரருக்கு முடியாது என்று சொல்லியாயிற்று.

அத்தான் ஊரில் இல்லை. ஒரு வேலையாக வெளியூர் போயிருந்தார். இப்போது வந்துவிட்டார். பெட்டி அனுப்பக் கொஞ்சம் தாமதமாகும்.

உங்கள் மேனேஜர் அறையில் இருக்கும் போனின் நம்பர் என்ன? எழுது. வைத்துக்கொள்கிறேன்.

அக்கா


ஜூலை 22

அன்புள்ள அக்காவுக்கு,

மழையில் பாதை அறுந்துபோய் லாரி வரவில்லை. உன் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. அத்தான் எங்கே போயிருந்தார்? "ஊரில் இல்லை" என்கிறாய், அடுத்த வரியிலேயே "வந்துவிட்டார்" என்கிறாய். எந்த ஊர்? என்ன வேலை? கடை சாவியைக்கூட உன்னிடம் கொடுக்காமல் தானே திறந்து தானே பூட்டுகிறவர் அவர்.

ஆபீஸ் நம்பர் கீழே இருக்கிறது. மேனேஜர் கொஞ்சம் முசுடு. பரவாயில்லை, நீ கூப்பிடு.

ஏன் நம்பர் கேட்டாய்? எதையாவது மறைக்கிறாயா? தயவுசெய்து விவரமாக எழுது. நான் இங்கே இருப்புக்கொள்ளாமல் இருக்கிறேன்.

உன் தம்பி


ஆகஸ்ட் 13

தம்பிக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. நீ நலமாக இருப்பாய் என்று இப்போது தெரிந்துகொண்டேன்.

உங்கள் கேம்ப் சமையல்காரர் நேற்றுக் கடைக்கு வந்தார். லீவில் ஊருக்குப் போகும் வழியாம். வெளுத்த மீசை, நல்ல மனிதர். "நீங்கதான் அக்காவா? தம்பி வாயத் தொறந்தா அக்கா, அத்தான்தான்" என்று சிரித்தார். எனக்கு நீயே வந்து நின்றது போல இருந்தது. நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்தேன்.

"போன மாசம் அனுப்பின கேம் எல்லாருக்கும் பிடிச்சுதா அண்ணே?" என்று கேட்டேன்.

"எந்த கேமும்மா?"

"டிஸ்க்தான். பெட்டி பெட்டியா அனுப்பினேனே."

"டிஸ்க்கா? அதையெல்லாம் இப்ப யாரும்மா தொடறா! குன்னு மேல டவர் வந்தாலும் வந்துது, பசங்க எல்லாம் டவுன்லோடுதான். போட்டுட்டு ஷிப்டுக்குப் போனா, வர்றதுக்குள்ள எறங்கி நிக்குது. எனக்கே வீடியோ கால் போடக் கத்துக் குடுத்துட்டாங்க. தெனம் பேத்தியப் பாக்கறேன்."

"டவர் எப்ப வந்துச்சு?"

"ஏப்ரல்லயே வந்துடுச்சேம்மா. தம்பி சொல்லலியா?"

என் முகத்தைப் பார்த்து அவருக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். டீ கிளாஸைக் கீழே வைத்தார். "தம்பி கட்டிலுக்கு அடியில நாலஞ்சு பொட்டி கட்டினபடியே கெடக்கு. ஊருக்குப் போறப்ப எடுத்துட்டுப் போக சாமான் சேக்கறாருன்னு நெனச்சேன்" என்று மெதுவாகச் சொன்னார்.

அத்தான் கவுன்டருக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார். எல்லாம் கேட்டது. எழுந்து போய், உனக்கு அனுப்ப எடுத்து வைத்திருந்த டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகத் திரும்ப அலமாரியில் அடுக்கினார். கார் பந்தயத்தைக் கார் பந்தயத்தோடு, சண்டையைச் சண்டையோடு, அததற்கான இடத்தில்.

இப்போது நான் மறைத்ததைச் சொல்கிறேன். எனக்கு இனி மறைக்க ஒன்றுமில்லை.

ஜூன் கடைசியில் அவர் வேலையாக வெளியூர் போகவில்லை. ஒரு மத்தியானம் கடையைத் திறந்து போட்டுவிட்டுப் போனவர் மூன்று நாள் வரவில்லை. சட்டைப்பையில் வைத்திருக்கும் போனைக் கல்லாவில் வைத்துவிட்டுப் போயிருந்தார். பஸ் நிலையம், ஆஸ்பத்திரி, போலீஸ் என்று நான் ஒற்றையாக அலைந்தேன். பிணவறையில்கூட ஒரு முகத்தைக் காட்டினார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு லாரி டிரைவர் அவரைக் கூட்டி வந்தார். நெடுஞ்சாலைப் பாலத்தில் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்றிருக்கிறார். டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, "என்ன சார், தண்ணி எவ்ளோ போகுது?" என்று பேச்சுக் கொடுத்து, மெல்லக் கையைப் பிடித்திருக்கிறார். விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது அத்தான் மாத்திரை சாப்பிடுகிறார்.

அந்த மூன்று நாளும் கையில் போனை வைத்துக்கொண்டு, தம்பியைக் கூப்பிட ஒரு நம்பர் இல்லையே என்று அழுதேன். டவர் இல்லாத காட்டில் இருக்கிறான், அவன் என்ன செய்வான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உன் சட்டைப்பையில் போன் இருந்திருக்கிறது.

ஜூலையில் ஒரு நாள் கடை போன் அடித்தது. "யாரு?" என்றேன். மூச்சு மட்டும் கேட்டது. வைத்துவிட்டார்கள். நீதானே?

ஜூனில் உன்னிடம் உண்மையைச் சொல் என்று கேட்டேன். கடையை அப்போது விட்டிருந்தால் கையில் ஒரு தொகை இருந்திருக்கும், எனக்கு ஒரு வேலை இருந்திருக்கும், அவர் பாலத்துக்குப் போயிருக்க மாட்டார். டவுன்லோடு எங்கள் கடையைக் கொன்றது சரி. செத்ததற்கு நீ ஏன் சட்டை போட்டு உட்கார வைத்தாய்?

எனக்குப் போன் செய்யாதே. எடுக்க மாட்டேன்.

அக்கா


ஆகஸ்ட் 24

அக்காவுக்கு,

எடுக்க மாட்டேன் என்று எழுதியிருந்தும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். மணி அடிக்கிறது, நிற்கிறது. அதனால் எழுதுகிறேன்.

டவர் வந்த அன்று எல்லோரும் குன்றின் அடிவாரத்தில் நின்று வீட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். வெல்டர் குழந்தை மாதிரி அழுதார். நானும் உன்னைக் கூப்பிடத்தான் போனை எடுத்தேன். அப்போது லாரி வந்தது. உன் ஏப்ரல் கடிதம் அதில் இருந்தது. "முடியாது என்று சொல்லிவிட்டோம். உன் கேம்ப்பை நம்பித்தான்." கடையை விடாதே என்று எழுதியவன் நான். போனைப் பையில் வைத்துவிட்டேன்.

அந்த வாரமே கிரேன்காரர் மீன் கேமின் அடுத்த பாகத்தை டவுன்லோடு போட்டுவிட்டார். டிஸ்க்கை எடுத்துச் சாப்பாட்டுக் கூட ஜன்னலில் வைத்தார்கள். இன்னும் ஒரு மாதம் மட்டும் நானே வாங்கிவிடலாம், அதற்குள் உனக்கு வேறு வழி பிறக்கும் என்று நினைத்தேன். அடுத்த மாதமும் அதையேதான் நினைத்தேன். ஓவர்டைம் பார்த்து, அந்தப் பணத்தைக் கம்பெனி வழியாகவே அனுப்பி வாங்கினேன். என் ஆர்டரை அத்தான் கட்டிடக்காரர் முன்னால் விரித்து வைத்தார் என்று நீ எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அன்றே சொல்லியிருக்க வேண்டும். நீ நேராகக் கேட்டாய். நான் "கேம்ப் வாங்கும்" என்று எழுதினேன்.

ஜூலையில் கூப்பிட்டது நான்தான். "யாரு?" என்ற உன் குரல் களைத்திருந்தாலும் சாதாரணமாகத்தான் இருந்தது. ஒன்றும் ஆகவில்லை என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு வைத்துவிட்டேன்.

அத்தான் மூன்று நாள் காணாமல் போன அந்த மத்தியானங்களில் நான் கேம்ப்பில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் ஞாபகம் இல்லை. ஏதோ ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்திருப்பேன்.

மன்னித்துவிடு என்று எழுத எனக்கு முகம் இல்லை.

தம்பி


செப்டம்பர் 18

அக்காவுக்கு,

அத்தான் எப்படி இருக்கிறார்? ஒரே ஒரு வார்த்தை போதும்.

அடுத்த மாதக் கடைசியில் எனக்கு லீவு கிடைக்கும். வரட்டுமா, வேண்டாமா? வேண்டாம் என்றாலும் எழுது.

தம்பி


அக்டோபர் 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ எப்படி இருக்கிறாய்?

நீ கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் போன் என் கையில்தான் இருந்தது. பேச ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், அவர் பக்கத்து அறையில் இருக்கிறார். அதனால்தான் இதையும் எழுதுகிறேன்.

கோபம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். வேற்று ஆள் செய்திருந்தால் வாய் வலிக்கத் திட்டிவிட்டு மறந்திருப்பேன். நீ பாசத்தில் செய்தாய். அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

கடையை மூடியாயிற்று. செப்டம்பர் கடைசி வாரம் எல்லாவற்றையும் பாதி விலைக்கும் கீழே போட்டு, வாசலில் அட்டை மாட்டினேன். போன் கடையில் எனக்கென்று சொன்ன இடத்துக்கு வேறு பெண் வந்துவிட்டாள். பரவாயில்லை, நம் நர்ஸ் சொல்லி ஒரு மருந்துக் கடையில் பில் போடும் வேலை கிடைத்திருக்கிறது.

கடைசி நாளைப் பற்றித்தான் உனக்குச் சொல்ல வேண்டும்.

அன்று கடைக்குள் நிற்க இடமில்லை, தம்பி. யார் யாரோ வந்தார்கள். இத்தனை மாதம் நம்மைத் தாண்டிக் குனிந்துகொண்டு போனவர்கள் எல்லாம் வந்தார்கள். தெரு முனை வரை வரிசை. "ஐயோ, மூடறீங்களா? எங்க சின்ன வயசே இங்கதானே போச்சு" என்று ஒருவர் அலமாரியைப் படம் எடுத்தார். அவர் கையில் எடுத்த டிஸ்க் ஒன்றே ஒன்று, அதுவும் எல்லாவற்றிலும் மலிவானது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் கூட்டத்தில் பாதி மே மாதம் வந்திருந்தால் போதாதா?

அத்தானை வீட்டில் விட்டு வரலாம் என்று பார்த்தேன், கேட்கவில்லை. கவுன்டரில் உட்கார்ந்தார். கூட்டத்தைப் பார்க்கப் பார்க்க அவர் முகத்தில் களை வந்தது. எழுந்து நின்றார். பாலத்துக்குப் பிறகு வீட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவர், "இது வேணாம் சார், ரெண்டாவது பாகத்துல இருந்து ஆரம்பிங்க, அதான் ருசி" என்று ஒவ்வொருவருக்கும் எடுத்துச் சொன்னார். பழைய குரல். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கை ஓயாமல் பில் போட்டார். நான் ஓர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அலமாரி காலியானது. கூட்டம் கலைந்தது. ஷட்டரை நான்தான் இறக்கினேன். அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"பாத்தியா? நான் சொல்லல? ஜனங்க திரும்ப வந்துட்டாங்க. நாளைக்கு வெள்ளனத் தொறக்கணும். வியாபாரிக்குச் சொல்லி சரக்கு எறக்கு."

இது மூடுகிற கூட்டம் என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

"சரிங்க" என்றேன்.

அன்றிலிருந்து அவர் தினமும் விடிந்ததும் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு வந்து என்னிடம் கடை சாவியைக் கேட்கிறார். அதைக் கட்டிடக்காரரிடம் கொடுத்துவிட்டேன். அவரிடம், எங்கேயோ கை மறதியாக வைத்துவிட்டேன், தேடுகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். "பரவால்ல, நிதானமாத் தேடு" என்று நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறார். நான் மருந்துக் கடைக்குப் போய்த் திரும்பி வரும்போதும் அதே சட்டையில் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். கோபப்படுவதில்லை. மாத்திரை கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார். டாக்டர், மெல்ல எடுத்துச் சொல்லுங்கள், பக்கத்தில் நெருங்கிய ஆள் ஒருவர் இருக்கட்டும் என்கிறார்.

வரட்டுமா என்று கேட்டிருந்தாய். வா. லீவு வரைக்கும் காத்திருக்காதே, அந்த முசுடு மேனேஜர் காலில் விழுந்தாவது வா. என் ஒருத்தியால் அவரிடம் சொல்ல முடியவில்லை. உன்னாலும் முடியாது என்று எனக்குத் தெரியும். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிப் பார்ப்போம்.

காலையில் அலமாரியைத் திறக்கிறேன், மெத்தையைப் புரட்டுகிறேன், சமையல் டப்பாக்களை எல்லாம் இறக்கி வைக்கிறேன். அவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். நீ வந்து சேரும்வரை தேடிக்கொண்டுதான் இருப்பேன்.

உன்
அக்கா